ஒரு சாண் கட்டில்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் மெதுவாக எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பயத்தால் இல்லை, நம்பிக்கை இல்லாததால். எங்கள் கடற்கரையில் அப்படிப்பட்ட கதைகளுக்குக் குறைவே இல்லை. களப்புத் தண்ணீரில் நெருப்பு ஓடுகிறது என்பார்கள், போய்ப் பார்த்தால் யாரோ இறாலுக்குப் பந்தம் பிடித்துக்கொண்டு போவான். உயிரோடு இருக்கிற மனிதர் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகவே கூச்சப்படுகிறவனுக்குச் செத்தவர்களைப் பற்றி நினைக்க எங்கே நேரம்? ஆனால் இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சிரித்திருப்பேன்.

அது சண்டைக் காலம். வெள்ளைக்காரன் இருந்தான், ஜப்பான்காரன் வருவான் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள், அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கற்பிட்டியில் காதர் பாஸின் தச்சுக் கடையில் வேலை செய்தேன். பாஸ் அலுமாரி, கதிரை, கட்டில், கதவு நிலை எல்லாம் செய்வார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தொழுதுவிட்டு ஒரு மூலையில் சாய்ந்துவிடுவார், அந்த நேரம் எனக்குச் சொந்தம். கழிவுப் பலகைத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கதிரை மேசை செய்வேன். சுருட்டுப் பெட்டிப் பலகை அதற்கு மிகவும் நல்லது, மெல்லியது, வெட்டினால் ஒரு வாசம் வரும், அந்த வாசம் இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு இருபத்து நாலு வயதாகிவிடும். அலுமாரிக் கதவுக்குக் குமிழ் வேண்டுமென்றால் குண்டூசித் தலை, நிலைக்கண்ணாடிக்குச் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாள். பிரம்பு பின்னிய கதிரைக்குத் தேயிலைச் சாயத்தில் ஊறிய தையல் நூல். ஒரு நாள் பாஸ் கண் விழித்து, நான் செய்த கதிரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“மனே, இதில ஆரு குந்துற? பல்லியா?”

நான் உளியை எடுத்துத் துடைத்தேன்.

“பல்லிக்கும் கை வச்ச கதிரையா? நல்லா இரிக்கி, நல்லா இரிக்கி. அந்தக் கதவு நிலைய எப்ப முடிக்கிற?” என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் ஆலங்குடாவுக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த ஒரு சின்னக் கோயிலும் அதைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகளும். மார்ச் மாதத்தில், யேசுநாதரை வளர்த்த தச்சரான சூசையப்பரின் திருநாள் வரும். சூசையப்பர் கட்டிலில் படுத்து, ஒரு பக்கம் யேசுநாதரும் மறுபக்கம் மாதாவும் இருக்க உயிர் விட்டவர் என்பதால், நன்மரணம் வேண்டுகிறவர்கள் அவரிடம் கேட்பார்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் இந்தச் செபம் சும்மா வாயால் சொல்லுகிற செபம் இல்லை. கட்டிலில் படுத்து, சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கச் சாவது எங்கள் ஆண்களில் எல்லாருக்கும் கிடைக்கிற காரியமும் இல்லை. அந்த வருடம், கோயிலில் பூசை வைக்கிற எங்கள் சுவாமிக்கு ஓர் ஆசை வந்தது. சூசையப்பரின் மரணத்தை ஒரு சின்ன வீடாகச் செய்து கோயிலுக்குள் வைக்க வேண்டும். சூசையப்பர், யேசுநாதர், மாதா சுரூபங்கள் அவரிடம் இருந்தன, வீடும் சாமான்களும்தான் இல்லை.

“செய்வியா மகன்?” என்று கேட்டார். எனக்கு அவரைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லுகிற தைரியமும் கிடையாது, ‘ஓம்’ என்று சொல்லுகிற தைரியமும் கிடையாது. சுரூபத்தை வாங்கி அளந்து பார்க்கத் தொடங்கினேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

சுரூபம் என் கையால் சரியாக ஒரு சாண். மனிதன் எட்டுச் சாண் என்பது எல்லாரும் சொல்லுகிற கணக்கு. எட்டுச் சாண் ஒரு சாணானால், உண்மை வீட்டில் ஒரு சாண் இருப்பது என் சின்ன வீட்டில் ஒன்றரை விரல் கடை. கதிரை இரண்டு சாண் உயரமா, மூன்று விரல் வை. இந்த ஒரு கணக்கை மனதில் போட்டுக்கொண்டால் எதையும் செய்யலாம். முன்பக்கம் திறந்த ஒரு பெட்டியில் இரண்டு அறை வைத்தேன். முன்னறையில் கட்டில், முக்காலி, தண்ணீர்ப் பானை வைக்கிற ஒரு தாங்கி. பின்னறை சூசையப்பரின் தச்சுப் பட்டறை, வாள், உளி, ஒரு இழைப்புளி, நிலத்தில் சுருள் சுருளாக மரச்சீவல். காதர் பாஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “நபிமார்ட ஊட்டுப் பட்டற நம்மட பட்டறய விடத் துப்பரவாத்தான் இரிக்கி” என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடமிருந்து எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் மதலேனாள் மாமி என்னிடம் வந்தார். அவருடைய ஒரே மகன் செபஸ்தியான் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நெட்டைச் செபஸ்தி என்போம். நான் பேசாமல் இருப்பேன், அவன் எனக்கும் சேர்த்துப் பேசுவான், எங்கள் கூட்டு அப்படி. முந்திய வருடம் மீன் பருவம் முடிகிற நேரம், தென்மேல் காற்று முன்கூட்டியே எழும்பிய ஒரு நாள், அவன் போன வள்ளம் திரும்பவில்லை. பலகை ஒன்று உச்சமுனைப் பக்கம் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. அன்று தொடக்கம் மாமி பாயில் முதுகு வைக்கவில்லை. வாசற்படியில் கடலைப் பார்த்தபடி இருப்பார், இருந்தபடியே கண் சொக்கும், திடுக்கிட்டு எழும்புவார். எலும்பும் தோலுமாகிவிட்டார். கற்பிட்டியிலிருந்து வந்த அப்போதிக்கரி நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, நித்திரை இல்லாவிட்டால் அடுத்த காற்று மாறுமட்டும் இந்த மனுசி தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கச் சுவாமி கேட்டபோதும் மாமி விடவில்லை.

“தம்பி, சூசையப்பருக்குக் கட்டில் செஞ்சிருக்கிறாயாம்.”

“ஓம் மாமி.”

“என்ட பிள்ளைக்குப் படுக்க ஒரு இடமில்ல. தண்ணியில உருண்டுகொண்டு திரியிறான். அவன் படுக்காம நான் எப்பிடிப் படுக்கிற? அவனுக்கும் ஒரு கட்டில் செஞ்சு அந்த வீட்டுக்குள்ள வை.” மடியிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்து என் கையில் வைத்தார். “இது அவன்ட வலை நூல்.”

சுவாமியிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, பட்டறையில் ஒரு கட்டில் இருந்தால் என்ன, தச்சனுக்கும் களைக்கும்தானே என்றார்.

செய்தேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பலகை வைத்து, நடுவில் அந்த வலை நூலால் இறுக்கிப் பின்னினேன். மரப்பட்டைச் சாயம் ஏறிய பருத்தி நூல், விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று கேட்கும். பின்னறையில் வைத்தேன். பெட்டியைக் கோயிலின் வலப்பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசையில் ஏற்றினோம். ஊரே வந்து பார்த்தது, நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் சங்கிலித்தாம் பேதுரு, கோயில் மணி அடிக்கிறவர், என்னைக் கூப்பிட்டனுப்பினார். செபஸ்தியின் கட்டிலில் கால்மாட்டுப் பலகை கழன்று மரச்சீவலில் கிடந்தது.

“சூசையப்பர்ட கட்டில் நல்லா நிக்குது. இது மட்டும் ஏன் கழண்டது? பழைய பசையா?”

பசை ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே வச்சிரப் பசை, ஒரே நாளில் காய்ச்சியது. திரும்ப ஒட்டினேன். மறுநாளும் கழன்றது. இம்முறை பசையோடு மர ஆணியும் அடித்தேன், அதுவும் கழன்றது. பின்னலும் நடுவில் தொய்ந்திருந்தது. பாரம் ஏறி நாள் போனால் நூல் தளரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பாரமே ஏறாத கட்டிலில் இரண்டு மூன்று நாளில் அது தளராது. பேதுரு பூனை என்றார். பூனையைப் பிடிக்கவென்று கோயிலுக்குள்ளேயே பாய் போட்டு இரவு படுத்தார். விடிய வந்து பார்த்தோம், கட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. “பாத்தியா, நான் படுத்தா பூனை வராது” என்று பெருமையாகச் சொன்னார். பின்னேரம் பலகை கழன்று கிடந்தது.

எல்லாரும் இரவைத்தான் காவல் காத்தார்கள். யாருக்கும் யோசனை வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடலுக்குப் போகிறவன் இரவில் படுப்பானா? இரவு முழுக்கக் கடலில் நிற்பான், காலையில் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைக் காயப்போட்டு, சாப்பிட்டுவிட்டு அவன் காலை நீட்டுவது உச்சி வெயிலில்தான்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கடையில் வேலை இல்லாத ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பலகையைத் திரும்பப் பூட்டலாம் என்று கோயிலுக்குப் போனேன். ஊர் முழுக்க நித்திரை. காற்று இல்லை, தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை, கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடந்தது. பலகையை ஒட்டி, இரண்டு பக்கமும் மர ஆணி இறக்கி, பசை காயுமட்டும் பார்த்துக்கொண்டிருப்போம் என்று பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் குந்தினேன். என் முகத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் ஒரு முழம் தூரம் இருக்கும்.

முதலில் வாசம் வந்தது. நனைந்த வலையும் பட்டைச் சாயமும் சேர்ந்த வாசம். ஜன்னலால் வருகிறது என்று நினைத்தேன், ஆனால் காற்றே இல்லை என்று சொன்னேனே. பிறகு ஒரு சத்தம். நூல் கட்டிலில் ஒரு பெரிய ஆள், களைத்த ஆள், முதலில் குந்தி, பிறகு சரிந்து படுத்தால் கட்டில் முனகுமே, அந்தச் சத்தம். ஒரு சாண் கட்டிலில் அந்தச் சத்தம் வராது. நான் தச்சன், எந்த மரம் எவ்வளவு பாரத்துக்கு எப்படி முனகும் என்று எனக்குத் தெரியும். அது வளர்ந்த ஒரு மனிதனின் பாரம். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பின்னல் நடுவில் மெதுவாக இறங்கியது, பள்ளம் விழுந்தது, அப்படியே நின்றது. பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் விடுகிற மாதிரி நீளமாக ஒரு மூச்சு. அது முடிய ‘டிக்’ என்று ஒரு மர ஆணி தெறித்தது. மற்றதும் தெறித்தது. பலகை சரிந்து விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. நானே அதை இப்போதுவரை நம்பவில்லை. எனக்கு வந்தது வெட்கம். ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவன் உயிரோடு இருந்த காலத்திலும் எனக்கு அப்படித்தான். சின்ன வயதில் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குக் கீழே நிழலுக்குப் படுப்போம், அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டே போவான், கால் இரண்டும் வெளியே வெயிலில் கிடக்கும். ஒரு நாள் அவன் கால் சுடுகிறதே என்று நான் என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன், அவன் அதற்கு ஒரு கிழமை சிரித்தான். அதை நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மணி அடிக்கப் பேதுரு வருகிற காலடி கேட்டதும் பின்னல் கொஞ்சம் ஏறியது. முழுக்க ஏறவில்லை.

மாமியிடம் போனேன். கேட்டதையும் கண்டதையும் சொல்ல வாய் வரவில்லை, பலகை நிற்குதில்லை மாமி என்று மட்டும் சொன்னேன்.

“எவ்வளவு நீளம் வச்ச?”

“சுரூபத்துக்கு வச்ச அளவுதான். ஒரு சாணும் ஒரு விரலும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அந்த வருடத்தில் யாரும் காணாத சிரிப்பு.

“அவன் என்ன சூசையப்பரா? இந்த வீட்டுக் கட்டில் பலகையையே ரெண்டு தரம் உதைச்சு உடைச்சவன். கடைசியில நானே கொடுவாளால வெட்டி எறிஞ்சன். நீ அவனோட திரிஞ்சவன், உனக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்துகொண்டுதான் எட்டுச் சாண் கணக்கு எல்லாருக்கும் சரி என்று இருந்துவிட்டேன். அதுவும் என் கையால் எட்டுச் சாண், நானோ கட்டையான ஆள். செத்தவனை எப்படி அளப்பது? மாமி எழும்பி வாசல் நிலையைக் காட்டினார். மேல்சட்டத்துக்குக் கீழே அவன் நிமிர்ந்து நின்றால் தலை சரியாக முட்டும், நின்று நின்று தலையெண்ணெய் பிடித்துக் கறுத்த ஓர் இடம் அங்கே இருந்தது. தரையிலிருந்து அதுவரைக்கும் சாண் போட்டேன். ஒன்பதும் கொஞ்சமும் வந்தது.

புதுக் கட்டில் அந்த அளவில் செய்தேன். கால்மாட்டுப் பலகை வைக்கவில்லை. சுரூபங்களுக்குப் பக்கத்தில் அது பொருத்தமில்லாத நீளமாகத் தெரிந்தது. “சூசையப்பர் ஆருக்கோ ஓடர் எடுத்திருக்கிறார் போல” என்று பேதுரு சிரித்தார்.

அன்று உச்சிக்கு மாமி ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில் விரித்து, கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தார். நான் தூணோடு சாய்ந்து நின்றேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, பின்னல் இறங்கியது மட்டும் தெரிந்தது, எதுவும் தெறிக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், மாமி வாய் திறந்து நித்திரை. வந்து மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பேதுருவிடம், வாசலால் உள்ளே வந்த சுவாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். அன்று எங்கள் ஊரில் பின்னேர மணி அடிக்கவில்லை. பேதுரு கயிற்றை விடவும் மனமில்லாமல் இழுக்கவும் முடியாமல் அப்படியே நின்றது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

விளக்கேற்றுகிற நேரம் மாமி எழும்பினார். முகம் தெளிந்திருந்தது.

“நல்லா நித்திர கொண்டான்” என்றார். பாயைச் சுருட்டினார். சுருட்டி முடித்துவிட்டு, வீட்டுக்காரி விருந்தாளியைப் பற்றிச் சொல்லுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். “மற்றவன்தான் பாவம். நிலத்தில குந்திக்கொண்டிருக்கிறான்.”

“ஆர் மாமி?”

“இவனோட வள்ளத்தில போனவன். தனக்கு எங்க எண்டு கேட்டானாம்.”

பாருங்கள், இவ்வளவு நேரம் இந்தக் கதையைச் சொல்லியும் அவனைப் பற்றி உங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரும் அப்படித்தான் இருந்தது. வள்ளத்தில் போனது இரண்டு பேர். மற்றவன் சிலாபப் பக்கத்திலிருந்து பருவத்துக்குக் கரையில் வாடிக் குடிசை போட வந்த கூட்டத்தில் ஒருவன், கூலிக்கு ஏறியவன். சிலாபத்தான் என்று கூப்பிடுவோம், பேர் தெரியாது. அவனோடு வந்தவர்கள் காற்று மாறியதும் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பருவத்துக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள், அப்படி ஒருவனைத் தெரியாது என்றார்கள். ஒரு தரம் அவன் காதர் பாஸின் கடை வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, நான் காயவைத்திருந்த ஒரு சின்னக் கதிரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தான். அந்தக் கை நினைவிருக்கிறது. கதிரை அந்தக் கையில் இருந்த விதமும் நினைவிருக்கிறது. ஆள் நெட்டையா கட்டையா என்று எத்தனை தரம் யோசித்தாலும் வருகுதில்லை.

மாமி பூசைக்குச் சம்மதித்தார். சுவாமி செபஸ்தியானுக்காகவும் ‘அவனோடு போனவனுக்காகவும்’ பூசை வைத்தார். மாமி அதன்பிறகு பல வருடம் இருந்து, தன் கட்டிலில், நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்கக் கண்ணை மூடினார். மகனின் கட்டிலைச் சவப்பெட்டிக்குள் அவரோடேயே வைத்துவிட்டோம்.

சிலாபத்தானுக்கு அந்த வருடமே ஒரு கட்டில் செய்தேன், எட்டுச் சாண் கணக்கில். அவன் தலை முட்டிய நிலை ஒன்று எங்கும் இல்லை, வாடியை மணல் மூடிவிட்டது. பின்னல் தொய்யவில்லை. நீளத்தைக் கூட்டி இன்னொன்று செய்தேன், பிறகு குறைத்து ஒன்று. கல்யாணம் முடித்து, கடையும் சொந்தமாக வைத்து, இப்போது எனக்கு வயதும் ஐம்பதாகிறது, என் வீட்டு அலுமாரிக்கு மேலே கட்டில்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. பகல் சாப்பிட்டதும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். எல்லாம் பின்னிய அன்று மாதிரியே ‘டிங்’ என்று கேட்கும்.

தொய்ந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் என்னைச் சங்கடப்படுத்துகிறது கட்டில் தொய்யாதது மட்டும் இல்லை. அந்த அலுமாரிக்கு முன்னால், சீமெந்து நிலத்தில், ஒரு ஆள் குந்தியிருந்து எழும்பினால் எவ்வளவு இடம் நனைந்திருக்குமோ அவ்வளவு ஈரம். மழை இல்லாத மாதங்களில்தான் வருகிறது. மனைவி ஊற்று என்கிறாள். ஒரு தரம் கொத்திப் பார்த்தோம், கீழே காய்ந்த மணல். திரும்பச் சீமெந்து போட்டோம், திரும்பவும் அதே இடத்தில் ஈரம். அதைத் துடைக்கிறது நான்தான், அவளை விடுவதில்லை. துடைத்த துணியை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் அதை மட்டும் நான் செய்யவில்லை.